கரியையும் நீரையும் யார் சுமந்தார்கள்? பழைய பிரிட்டனின் வர்க்கங்களும் அன்றாட வாழ்வும்

#1 – கல்நடை

லண்டனில் நான் குடியிருக்கும் இஸ்லிங்டன் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வரிசை வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் முன்னுள்ள நடைபாதைக் கற்களில், வாசலுக்கு ஒன்றாக, வட்டமான வார்ப்பிரும்பு மூடிகள் பதிந்திருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும் பார்க்காமலும் கடந்து போயிருக்கிறேன். ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம். கால் வழுக்காமலிருக்க மேலே பூவேலைப்பாடு. விளிம்பில் வார்ப்படச் சாலையின் பெயர். சென்ற வாரம் மழை ஓய்ந்த ஒரு மாலையில் குனிந்து கவனித்த பிறகுதான் அவை எதற்காக என்று விசாரித்து அறிந்தேன். அவை நிலக்கரித் துளைகளின் மூடிகள். கரி வண்டிக்காரர் மூட்டையை முதுகில் சுமந்து வந்து இந்தத் துளை வழியாகக் கொட்டினால், நடைபாதைக்கு அடியிலுள்ள நிலவறையில் கரி விழும். வீட்டின் முன்வாசலில் கரித்தூள் படியாது. திருடன் இறங்க முடியாத அளவுக்குத் துளையும் சிறியது.

நிலவறை வரைக்கும் கரி வந்த கதை இதனால் புரிந்துவிடுகிறது. ஆனால் இந்த வீடுகள் நான்கைந்து தளங்கள் கொண்டவை. அறைதோறும் கணப்படுப்பு உண்டு. நிலவறையிலிருந்து மேல்தளத்துப் படுக்கையறை வரைக்கும் அந்தக் கரி எப்படி ஏறியது, அதன் சாம்பல் எப்படி இறங்கியது, குளிக்கும் வெந்நீரை யார் கொண்டு போனார்கள் என்பதே என் கேள்வி. அரசர்களையும் போர்களையும் பற்றி நிறையப் படித்துவிட்டோம். ஒரு வீட்டின் காலை ஐந்து மணி எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன். செல்வர் வீடு, நடுத்தர வீடு, தொழிலாளர் வீடு என எதைப் பற்றி எழுதினாலும் பயன்படும்.

#2 – பழைய ஏடு

நண்பர் கல்நடை கேட்டிருக்கும் கரியைப் பெரும்பாலான வீடுகளில் பதினைந்து, இருபது வயதுப் பெண் ஒருத்தியே சுமந்தாள். ஆனால் அவள் கண்ணில் படாமல் சுமக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

இடைக்காலத்துப் பெரிய வீடுகளில் பிரபுவும் அவருடைய பணியாளர் கூட்டமும் ஒரே பெருங்கூடத்தில் உணவருந்தினார்கள். இருக்கையில் ஏற்றத்தாழ்வு இருந்ததே தவிர, கூரை ஒன்றுதான். பதினேழாம் நூற்றாண்டில் பெர்க்‌ஷயரில் கோல்ஸ்ஹில் மாளிகையைக் கட்டிய ரோஜர் பிராட் என்ற கட்டடக் கலைஞர், பணியாளர்கள் போவதும் வருவதும் யார் கண்ணிலும் படாதிருக்க அவர்களுக்கென்று தனிப் பின்படிக்கட்டுகள் வேண்டும் என்று எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் சுவருக்குள் கம்பி இழுத்து மணி கட்டும் வழக்கம் பரவியது. அழைக்கும் தொலைவில் ஆள் நிற்கவேண்டிய தேவையும் அதனோடு போயிற்று. வேலையாட்கள் அடித்தளத்துக்கும் கூரைக்கடியிலுள்ள சிற்றறைகளுக்கும் ஒதுக்கப்பட்டார்கள். பிரிட்டனின் வர்க்கப் பிரிவினையைப் படிக்க விரும்புபவர் ஒரு மாளிகையின் படிக்கட்டுகளை முதலில் பார்த்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காலை வேலை இப்படித்தான் நடந்தது. குடும்பத்தார் எழுவதற்கு முன்பே வேலைக்காரப் பெண் எழுந்து சன்னல் அடைப்புகளைத் திறப்பாள். தூரிகைகள், தோல் துணி, உப்புத்தாள், சாம்பல் சலிக்கும் வாளி ஆகியவை அடங்கிய பெட்டியோடு ஒவ்வோர் அறையாகப் போவாள். முந்தைய நாள் சாம்பலை வாரிச் சலித்து, பாதி எரிந்த கரித்துண்டுகளை மறுபடி பயன்படுத்த எடுத்துவைப்பாள். இரும்புக் கம்பியடைப்புக்குக் கிராஃபைட் கலந்த கரும்பசை பூசி மெருகேற்றிய பிறகே தீ மூட்டுவாள். பின்பு வெந்நீர்க் கலங்களை மேலே ஏற்றி, இரவுக் கழிகலங்களைக் கீழே இறக்குவாள்.

ஒரே ஒரு வேலைக்காரி வைத்திருந்த வீட்டில் இவை அனைத்தோடு சமையலும் அவள் தலையில்தான் விழுந்தது. ஷ்ரோப்‌ஷயரில் 1833-இல் பிறந்த ஹன்னா கல்விக் அப்படிப்பட்ட வேலைக்காரி. அவர் நாட்குறிப்பு எழுதினார். 1860 ஜூலை 14-ஆம் நாள் குறிப்பில், அடுப்பு மூட்டியது, புகைக்கரி கொட்டியது, இரண்டு இணைக் காலணிகளைத் துடைத்தது, இரண்டு வாத்துகளை உரித்து வாட்டியது, நாயைக் குளிப்பாட்டியது என்று வேலைகள் வரிசையாக வருகின்றன. அவற்றினூடே "முழங்காலிட்டு" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வாசற்படி, தெருக்கல், சாமான் அறை, கழிப்பறை என எல்லாவற்றையும் முழங்காலிட்டுத்தான் தேய்த்திருக்கிறார். இரவு உணவை மேலே கொண்டுபோக வேறொரு பெண்ணை அனுப்பியதற்கு, தாம் அழுக்காகவும் களைப்பாகவும் இருந்ததே காரணம் என்று அதில் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் அவரை மறைவாக மணந்துகொண்ட ஆர்தர் மன்பி என்பவர் வேண்டியதால் எழுதப்பட்ட குறிப்பு அது என்பதையும், அந்த வாசகருக்காகவே எழுதியது என்பதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அந்த முழங்கால்களை மறக்க முடிவதில்லை.

#3 – குன்றத்தூரான்

பழைய ஏடு அவர்கள் எழுதியதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் படம் முழுமையாகவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வேளாவேளைக்கு உணவும், ஒழுகாத கூரையும், எப்போதும் ஓர் அடுப்பின் சூடும் கிடைத்தன. அவளை வேலைக்கு அனுப்பிய வீட்டில், அதாவது தென் இங்கிலாந்தின் விவசாயக் கூலியின் குடிசையில், இவை மூன்றும் உறுதியில்லை. சுமப்பது துன்பம்தான், ஆனால் சுமந்துவர எதுவுமே இல்லாத நிலை அதைவிடக் கொடிது.

பெர்க்‌ஷயரின் பார்க்கம் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்த டேவிட் டேவிஸ், தம் ஊர்க் கூலிக் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளைத் திரட்டி 1795-இல் வெளியிட்டார். வருமானத்தில் பெரும்பகுதி ரொட்டிக்கே போனது. இறைச்சி என்பது ஒரு சிறு துண்டுப் பன்றிக்கொழுப்பு. ஏழைகள் தேநீர் குடித்து வீணாகிறார்கள் என்று வசதியுள்ளோர் அக்காலத்தில் குறை கூறினார்கள். டேவிஸ் அதற்கு நேர்மையாக விடை தந்தார். பால் வாங்க வழியில்லை, பீர் காய்ச்சத் தேவையான மால்ட் என்ற முளைதானியத்தின் மீதான வரியால் வீட்டில் பீர் காய்ச்சவும் முடியவில்லை. மலிவான இலையில் சற்றே நிறமேறிய ஊற்றுநீரும் பழுப்புச் சர்க்கரையும்தான் அவர்களுடைய ஆடம்பரம் என்றார்.

இங்கே கல்நடை அவர்களின் கேள்வியோடு நேரடியாகச் சேரும் செய்தி ஒன்று உண்டு. 1797-இல் தம் ஆய்வை வெளியிட்ட சர் பிரெடரிக் ஈடன், வடக்கே கூலியாட்கள் ஓட்ஸ் கூழும் பார்லிக் கஞ்சியும் உருளைக்கிழங்கும் சுடச்சுட உண்பதையும், தெற்கே வாங்கிய ரொட்டியை அப்படியே உண்பதையும் ஒப்பிட்டார். தெற்கத்தியருக்குச் சமைக்கத் தெரியாது என்பதல்ல; எரிபொருள் இல்லை. வடக்கே நிலக்கரியும், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து எரிக்கும் கரிமண்ணும் மலிவு. தெற்கே பொதுநிலங்களில் விறகும் புதரும் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களை, அந்நிலங்களைத் தனியார் உடைமையாக்கிய வேலியடைப்பு வெளியே தள்ளியது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றியது என்றால், எத்தனை ஊர்களில் அடுப்பு அணைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சொந்த அடுப்பில் வாட்ட வழியில்லாத குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை உணவை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்புக்கு எடுத்துப்போய்க் காசு கொடுத்து வேகவைத்து வாங்கிவருவது நகரங்களிலும் வழக்கமாக இருந்தது.

#4 – மலைக்கொழுந்து

குன்றத்தூரான் அண்ணன் தேநீரைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஏறத்தாழ 119 விழுக்காடாக இருந்த தேயிலை வரியை 1784-இல் பிரதமர் வில்லியம் பிட்டின் அரசு 12.5 விழுக்காடாகக் குறைத்தது. கள்ளக்கடத்தலை ஒழிக்கவே அது செய்யப்பட்டது. ஆனாலும் தேநீர் குடிசைக்குள் எளிதாக நுழைய அதுவும் ஒரு காரணமாயிற்று. அக்காலத்தில் அது சீனத் தேயிலை. இலங்கையில் லூல்கந்துரையில் 1867-இல் பயிரிடத் தொடங்கி, காப்பிச் செடிகள் நோயில் அழிந்தபின் மலைநாடு முழுவதும் பரவிய தேயிலை, அந்நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் தேயிலையோடு சேர்ந்து சீனத் தேயிலையைப் பிரிட்டன் சந்தையில் பின்னுக்குத் தள்ளியது. லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் மேசையிலிருந்த அந்தச் சூடான கோப்பைக்கு, லயம் என்ற தோட்ட வரிசைக் குடியிருப்பின் அறைகளில் வாழ்ந்த எங்கள் மலையக மக்கள் கொழுந்து பறித்தார்கள். கூடையின் நெற்றிக் கயிற்றுத் தழும்பு என் பாட்டியின் தலையில் இருந்தது. யார் சுமந்தார்கள் என்று கேட்கும் இழையில் அதையும் எழுதிவைக்க விரும்பினேன்.

#5 – திரிவிளக்கு

கரியையும் நீரையும் பற்றிப் பேசும்போது வெளிச்சத்தை விட்டுவிடக் கூடாது. இருட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை.

செல்வர் வீட்டில் தேன்மெழுகில் செய்த வத்திகள் எரிந்தன, அவற்றில் நாற்றமில்லை. நடுத்தர வீட்டில் ஆட்டுக்கொழுப்பிலும் மாட்டுக்கொழுப்பிலும் செய்த வத்திகள். அவை புகைந்து நாறும், அடிக்கடி திரியைக் கத்தரிக்கவும் வேண்டும். 1709 முதல் 1831 வரை மெழுகுவத்திக்கு வரி இருந்தது. வரிக்குத் தப்பியது கோரைத்திரி.

ஹாம்ப்‌ஷயரின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான கில்பர்ட் ஒயிட், கோரைத்திரி செய்யும் முறையை 1775-இல் ஒரு கடிதத்தில் மிகுந்த அக்கறையோடு விவரித்திருக்கிறார். கோடையில் கோரையை அறுத்து நீரில் போட்டு, தோலை உரிக்கும்போது மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு மெல்லிய நார் மட்டும் உள்தண்டைத் தாங்கும்படி விடவேண்டும். அது எளிதில் கைவராத வேலை. ஆனால் பார்வையற்ற மூதாட்டி ஒருவர் கூட விரைவாகவும் சீராகவும் செய்வதைத் தாம் கண்டதாக எழுதுகிறார். பின்பு புல்தரையில் பரப்பிப் பனியில் வெளுக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, சூடாக உருகிய கொழுப்பில் தோய்த்து எடுப்பார்கள். 2 அடி 4½ அங்குல நீளமுள்ள ஒரு திரி ஒரு மணிக்கு மூன்று நிமிடம் குறைவாக எரிந்ததைக் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு பவுண்டு எடையில் 1,600 திரிகளுக்கு மேல் எண்ணியிருக்கிறார். ஒரு பென்னியில் நான்கிலொரு பங்கான ஃபார்திங் காசுக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் என்பது அவர் கணக்கு.

அதே கடிதத்தில் அவர் சொல்லும் மற்றொன்று என்னை வருத்தியது. மிகவும் ஏழைகள் சிக்கனம் அறியாதவர்கள் என்றும், தினமும் மாலையில் அரைப்பென்னிக்கு ஒரு வத்தி வாங்கி, காற்று வீசும் அறையில் இரண்டு மணி நேர வெளிச்சத்தோடு முடித்துக்கொள்கிறார்கள் என்றும், அதே காசுக்குக் கோரைத்திரியில் பதினொரு மணி நேரம் கிடைத்திருக்கும் என்றும் எழுதுகிறார். அவருடைய கணக்கு சரி. ஆனால் ஒரு பவுண்டு கோரையைத் தோய்க்க ஆறு பவுண்டு கொழுப்பு வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். ஆண்டு முழுவதும் இறைச்சியே வேகாத அடுப்பில் கொழுப்பு எங்கிருந்து சேரும்? வெளிச்சத்தில் மட்டுமல்ல, கரியிலும் இதே நிலைதான். கல்நடை அவர்களின் தெருவில் நிலவறை வைத்திருந்தவர் கோடையில் விலை குறையும்போது டன் கணக்கில் வாங்கிக்கொட்டினார். ஒற்றை அறையில் குடியிருந்தவர் கூலி வந்த அன்று சில பவுண்டு எடை வாங்கி, ஒவ்வொரு பவுண்டுக்கும் கூடுதல் விலை கொடுத்தார்.

பகல் வெளிச்சத்துக்கும் வரி இருந்தது. 1696 முதல் 1851 வரை நீடித்த சன்னல் வரி செல்வரைக் குறிவைத்து வந்ததுதான். ஆனால் பல குடும்பங்கள் வாடகைக்கிருந்த பெரிய கட்டடத்தை ஒரே வீடாகக் கணக்கிட்டு வரி விதித்ததால், உரிமையாளர்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். படிக்கட்டும் அறைகளும் பகலிலேயே இருண்டன.

#6 – கல்நடை

திரிவிளக்கு அவர்களுக்கு மிக்க நன்றி. கோரை உரிக்கும் செய்தியைப் படித்தபின் அதை என் கையால் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இன்னும் இரண்டு கேள்விகள். அந்த நிலவறைக்கு வந்த கரி பூமிக்குள்ளிருந்து எப்படி வெளிவந்தது? துணி துவைப்பது எவ்வாறு நடந்தது? நீர் சுமப்பதில் அதுதான் பெரும் பங்காக இருந்திருக்க வேண்டும்.

#7 – ஆழ்குழி

முதற் கேள்விக்கு நான் விடை தருகிறேன். 1842-இல் வெளிவந்த குழந்தைத் தொழிலாளர் விசாரணைக் குழுவின் அறிக்கையில், யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் அருகே சுரங்கத்தில் வேலை செய்த பேஷன்ஸ் கெர்ஷா என்ற பதினேழு வயதுப் பெண்ணின் வாக்குமூலம் உள்ளது. காலை ஐந்து மணிக்கு இறங்கி மாலை ஐந்து மணிக்கு ஏறுவாள். பகலுணவு ஒரு ரொட்டித் துண்டு. அதை உண்பதற்காக நிற்பதில்லை, வேலையோடு வேலையாகவே உண்பாள். கரி நிறைந்த வண்டியைச் சுரங்கத்துக்குள் ஒரு மைலுக்கு மேல் தள்ளிப்போய்த் திரும்ப வேண்டும். ஒரு வண்டியின் எடை மூன்று ஹன்ட்ரட்வெயிட், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 150 கிலோ. நாளொன்றுக்குப் பதினொரு வண்டிகள். கைகளோடு தலையையும் கொடுத்துத் தள்ளியதால் உச்சந்தலையில் முடி உதிர்ந்து வழுக்கையாகியிருந்தது.

மலைக்கொழுந்து அவர்கள் தம் பாட்டியின் தலைத் தழும்பைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இந்தப் பெண்தான் என் நினைவுக்கு வந்தாள்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து அதே 1842-இல் வந்த சட்டம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்துக்கடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. நாடாளுமன்றத்தாரை உலுக்கியதில் பெண்கள் பட்ட பாட்டுக்கு இணையாக, அவர்கள் அரைகுறை உடையில் ஆண்களோடு வேலை செய்தார்கள் என்ற செய்திக்கும் பங்கு இருந்தது. கூலியை இழந்த பெண்களுக்கு மாற்று வேலை எதையும் அந்தச் சட்டம் ஏற்பாடு செய்யவில்லை. அது வந்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்த விதத்தில் ஒரு குறை இருந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

கரி எரிந்தபின் புகைபோக்கியைத் துடைக்க ஏறிய சிறுவர்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. அவர்களைக் காக்க 1788-இலேயே முதல் சட்டம் வந்தது. 1834, 1840, 1864 ஆகிய ஆண்டுகளில் மேலும் மேலும் சட்டங்கள் வந்தன. 1875-இல்தான் அந்த வழக்கம் உண்மையில் முடிவுக்கு வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள்.

#8 – வெள்ளாவி

இரண்டாம் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். துவைக்கும் முறையைப் பற்றிப் பலர் தலைகீழாக எண்ணியிருக்கிறார்கள். செல்வர்கள் அடிக்கடி துவைத்தார்கள், ஏழைகள் எப்போதோ துவைத்தார்கள் என்பது உண்மையல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியான குடும்பம் சில வாரங்களுக்கு ஒரு முறைதான் பெருந்துவைப்பு வைத்துக்கொண்டது. அவ்வளவு காலம் தாங்குமளவுக்கு அலமாரியில் சட்டைகளும் விரிப்புகளும் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. மாற்றுடை ஒன்றோ இரண்டோ மட்டும் வைத்திருந்தவர்கள் வாராவாரம் துவைத்தாக வேண்டும்.

பின்னாளில் திங்கட்கிழமை துவைக்கும் நாளாக நிலைத்தது. அடுப்போடு கட்டப்பட்ட செப்புக் கொப்பரையில் நீர் நிரப்பிக் கீழே தீ மூட்டுவார்கள். துணியைத் தொட்டியில் இட்டுக் கால்கள் வைத்த மரக்கட்டையால் குத்தித் திருகி, பின் வேகவைத்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, உருளைப் பொறியில் பிழிவார்கள். ஒரு காலன் நீர் பத்து பவுண்டு எடை. ஊறவைக்கவும் வேகவைக்கவும் இரண்டு மூன்று முறை அலசவும் எத்தனை காலன் வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அத்தனையையும் தெருக்குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ சுமந்து வந்து, அழுக்கு நீரை மறுபடி சுமந்து கொட்ட வேண்டும். அன்று சமைக்க நேரமிராது என்பதால் ஞாயிற்றுக்கிழமையின் மீந்த இறைச்சியே திங்கட்கிழமை உணவு. நகரத் தொழிலாளர் பலர் ஞாயிறு உடுத்த நல்லுடையைத் திங்களன்று அடகுக் கடையில் வைத்து, கூலி வந்த சனிக்கிழமை மீட்டார்கள். சவுக்காரத்துக்கான வரி 1853-இல்தான் நீங்கியது.

இந்த இடத்தில் கிட்டி வில்கின்சன் என்பவரின் பெயரைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அயர்லாந்தில் பிறந்து லிவர்பூலில் குடியேறிய ஏழைப் பெண் அவர். 1832-இல் காலரா பரவியபோது அவருடைய தெருவில் கொப்பரை இருந்தது அவர் வீட்டில்தான். நோயுற்றவர்களின் துணிகளையும் படுக்கைகளையும் துவைத்துக்கொள்ள அதை அண்டை வீட்டாருக்கு வாரம் ஒரு பென்னிக்குத் திறந்துவிட்டார்; வெளுப்புச் சுண்ணமிட்டுக் கொதிக்கவைக்கச் சொன்னார். நோய் எப்படிப் பரவுகிறது என்பதை மருத்துவ உலகமே அறியாத காலம் அது. லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலரா பரவக் காரணம் பிராட் தெருவின் நீரேற்றி என்று சுட்டிக்காட்டியது 1854-இல்தான். 1842-இல் லிவர்பூல் பிரெடரிக் தெருவில் நாட்டின் முதல் பொதுச் சலவைக்கூடம் திறக்கப்பட்டது. 1846-இல் மற்ற ஊர்களும் அவ்வாறு கட்ட வழிசெய்யும் சட்டம் வந்தது. அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவரின் சமையலறையிலிருந்து தொடங்கிய சீர்திருத்தம் இது என்பதால் எனக்கு இதில் தனிப் பெருமிதம் உண்டு.

#9 – குன்றத்தூரான்

காலராவைப் பற்றிய பேச்சு வந்ததால், சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842-இல் தொகுத்த எண்களைத் தருகிறேன். இறந்தவர்களின் சராசரி வயது மான்செஸ்டரில் கனவான்கள், உயர்தொழில் செய்வோர் குடும்பங்களில் 38. வணிகர் குடும்பங்களில் 20. தொழிலாளர் குடும்பங்களில் 17. கிராமப்புற ரட்லண்டில் அதே வரிசையில் 52, 41, 38. ரட்லண்டின் உழவுக் கூலியும் மான்செஸ்டரின் கனவானும் 38 என்ற ஒரே எண்ணில் நிற்பதைக் கவனியுங்கள். முன்பு நான் கிராமத்துக் குடிசையின் வறுமையை அழுத்தி எழுதினேன். அந்த வறுமை உண்மை. ஆனால் காற்றும் நீரும் கெட்ட நகரம் அதைவிட விரைவாகக் கொன்றது என்று இப்போது திருத்திக்கொள்கிறேன்.

#10 – பழைய ஏடு

குன்றத்தூரான் தந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மான்செஸ்டர் தொழிலாளி பதினேழு வயதில் இறந்தார் என்று அவற்றுக்குப் பொருளில்லை. கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் பெருவாரியாக இறந்ததே சராசரியை அவ்வளவு கீழே இழுத்தது. வளர்ந்துவிட்டவர் நாற்பதையும் ஐம்பதையும் கடந்து வாழ்ந்தார். ஆனால் அவர் தம் பிள்ளைகளில் பலரைப் புதைத்துவிட்டே அந்த வயதை அடைந்தார்.

நடுத்தர வர்க்கத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. 1899-இல் யார்க் நகரத்தை வீடு வீடாக ஆராய்ந்த சீபோம் ரௌன்ட்ரீ, தொழிலாளர் வர்க்கத்தை மேலுள்ளவர்களிடமிருந்து பிரிக்க எடுத்துக்கொண்ட கோடு, வீட்டில் வேலையாள் உண்டா இல்லையா என்பதுதான். வருமானத்தையோ படிப்பையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நகர மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருந்ததாக அவர் கணக்கிட்டார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் உடலைக் காத்துக்கொள்ள மட்டும் வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்றும், அதில் செய்தித்தாளுக்கோ ரயில் பயணத்துக்கோ ஒரு காசும் இடமில்லை என்றும் அவர் காட்டினார்.

அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்களின் நிலையும் எளிதன்று. 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லற நூல், ஆண்டுக்கு 150 முதல் 200 பவுண்டு வருமானமுள்ள குடும்பம் எல்லா வேலைக்குமாக ஒரு பெண்ணை அமர்த்தலாம் என்கிறது. அவளுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு சம்பளம். ஆண் பணியாளர் மீது 1777 முதல் 1937 வரை வரி இருந்ததால், வாசலில் ஓர் ஆண் பணியாளன் நிற்பதே செல்வத்தின் அறிவிப்பாக இருந்தது. ஒரு வேலைக்காரியுள்ள வீட்டில் எசமானியும் மெத்தையைத் திருப்பினாள், மாப்பிசைந்தாள், துணி தைத்தாள். கதவு தட்டப்பட்டால் மட்டும் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் அமர்ந்தாள். கரியைத் தான் தூக்குவதில்லை என்று அக்கம்பக்கத்தார் நம்ப வேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு.

வேலைக்காரர்களை மனிதராக மதித்த வீடுகளும் இருந்தன என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். வேல்ஸில் ரெக்ஸம் அருகேயுள்ள எர்டிக் மாளிகையின் யார்க் குடும்பத்தார், 1790-களிலிருந்து தம் பணியாளர்களை ஓவியமாக வரையச் செய்து, ஒவ்வொருவரைப் பற்றியும் செய்யுள் எழுதி மாட்டிவைத்தார்கள். அந்தப் படங்களை இன்றும் அங்கே காணலாம்.

#11 – ஆழ்குழி

எங்கள் பக்கத்துக் குறிப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. கணப்புக்கு முன் தொட்டியிட்டுக் குளிப்பது பிரிட்டனில் இரண்டு வீடுகளில் ஒரே மாதிரி நடந்தது. மாளிகைப் படுக்கையறையில் வேலைக்காரி வெந்நீரை ஏற்றினாள். சுரங்கத் தொழிலாளியின் சமையலறையில் அவன் மனைவி ஏற்றினாள். கணவனும் மகன்களும் வெவ்வேறு ஷிப்டில் வேலை செய்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை கொப்பரை கொதிக்க வேண்டும்; பின்கட்டுச் சுவரின் ஆணியில் தொங்கும் தகரத் தொட்டியை எடுத்துவந்து நிரப்ப வேண்டும். வேலைக்காரி வைக்க வழியில்லாத வீட்டில் சுமை மறைந்துவிடவில்லை. மனைவியின் கைக்கு மாறியது.

1919-இல் சுரங்கத் தொழிலை ஆராய்ந்த சாங்கி ஆணையத்தின் முன் ரோண்டா பள்ளத்தாக்கைச் சேர்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ் சாட்சியம் அளித்தபோது இதைத்தான் எடுத்துரைத்தார். கனமான கொப்பரைகளையும் தொட்டிகளையும் தூக்குவதாலேயே பெண்களுக்குக் குறைப்பிரசவமும் உடற்கேடும் நேர்கின்றன. ஆகவே சுரங்க வாயிலிலேயே குளியலறைகள் கட்ட வேண்டும் என்றார். லங்காஷயரின் கிப்ஃபீல்டு சுரங்கத்தில் அப்படி ஒன்று 1913-இலேயே கட்டப்பட்டிருந்தது. 1920-இல் டன்னுக்கு ஒரு பென்னி வீதம் திரட்டிய நலநிதியும், 1926-இல் வந்த கூடுதல் ஏற்பாடும் பிற இடங்களிலும் அவற்றைக் கட்ட உதவின.

#12 – கல்நடை

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. இத்தனையும் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் அனுமதி பெற்று நேற்று அந்த நிலவறைக்குள் இறங்கினேன். 1952-இன் நச்சுப் புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டம் கரி எரிப்பதைக் கட்டுப்படுத்தியது; ஆகவே அங்கே இப்போது பழைய மிதிவண்டிகளும் வண்ணப்பூச்சு டப்பாக்களும்தான் இருக்கின்றன. ஆனால் செங்கல் வளைவின் உட்புறத்தைத் தொட்ட விரல் கறுத்தது.

இரண்டு காலன் கொள்ளும் வாளியில் நீர் நிரப்பி, ஒரு கையில் தூக்கிக்கொண்டு கூரையறை வரை ஏறினேன். அறுபத்தெட்டுப் படிகள். நிலவறையிலிருந்து முதல் படிக்கட்டு வெறும் கல்லும் நேரான கம்பியும். வரவேற்பறைத் தளத்துக்கு வந்ததும் கைப்பிடி வழுவழுப்பான மகோகனியாகிறது, கம்பிகளில் இலையும் சுருளுமாக வேலைப்பாடு வருகிறது. இரண்டாம் மாடிக்கு மேல் அந்த வேலைப்பாடு நின்றுவிடுகிறது. கடைசிப் படிக்கட்டு இருவர் ஒதுங்க முடியாத அளவு குறுகலான பலகைப் படிகள். அந்தத் திருப்பத்தில் வாளியைக் கீழே வைத்துக் கையை மாற்றிக்கொண்டேன். பாதி நீர் என் காலில் சிந்தியிருந்தது.

அடுத்த மாதம் ரெக்ஸம் போய் எர்டிக் படங்களைப் பார்க்கப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். அங்கே பின்படிக்கட்டைப் பார்க்க அனுமதி உண்டா என்று பழைய ஏடு அவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.